சாரின் பிளாப்பிகளும் ஆலயத்துப் புதிய பியானோவும்

எங்கள் ஆலயத்துக்கு டிஜிட்டல் பியானோ வந்தபோது, பழைய கீபோர்டை என்ன செய்வது என்ற பேச்சு கமிட்டியில் எழுந்தது. அதை உடனே யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். காரணம், அதனோடு கிடந்த ஒரு தகர டப்பா. பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்திய எங்கள் சார், தாமே வாசித்துப் பதிந்த கீர்த்தனைகளும் பாமாலைகளும் அந்த டப்பாவில் கிடந்த பிளாப்பி டிஸ்குகளில், அதாவது பழைய காலத்துச் சேமிப்புத் தட்டுகளில், இருந்தன. சாருக்கு இப்போது கை நடுங்குகிறது. அவர் விரலில் இருந்த வாசிப்பு இனி அந்த டிஸ்குகளில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் புதிய பியானோவில் ஒலிக்கவைக்கச் செய்த வேலையை இங்கே எழுதுகிறேன். பல ஆலயங்களில் இதே நிலை இருக்கும். கீபோர்டு பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது டிஸ்குகளும் கூடவே போய்விடுகின்றன. அது நடக்கக் கூடாது.

ஊர், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடையில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இருக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தோடு இன்றும் தொடர்கிறது. அதனால் எங்கள் சபையில் தமிழ்க் கீர்த்தனையும் மலையாளப் பாட்டும் அடுத்தடுத்து ஒலிக்கும். சாரின் டிஸ்குகளிலும் இரண்டும் கலந்தே கிடந்தன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற பகுதி இது. அந்த ஈரம் டிஸ்குகளை என்ன செய்திருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் பியானோவில் பாட்டு என்று சொல்லப்படுவது இரண்டு வகை. ஒன்று ஆடியோ. நாம் கேட்கும் ஒலியே பதிவாகிறது. மற்றொன்று மிடி. இதில் ஒலி கிடையாது. எந்தக் கட்டை, எந்த நொடியில், எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, பெடல் எப்போது மிதிக்கப்பட்டது என்ற செய்தி மட்டும் இருக்கும். பியானோ அந்தச் செய்தியை வாங்கித் தன் சொந்த ஒலியில் வாசிக்கிறது. அழுத்தத்தின் விசைக்கு 1 முதல் 127 வரை எண். நடு சி கட்டைக்கு எண் 60. இந்த ஏற்பாடு 1983-இல் வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் பிராஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜூபிடர்-6 கருவியையும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒரு நிறுவனத்தின் கருவியில் வாசித்தது இன்னொரு நிறுவனத்தின் கருவியில் ஒலித்தது. சார் அன்று வேறொரு கருவியில் பதிந்ததை இன்று எங்கள் பியானோ படிக்கிறது என்றால், அந்தப் பொது மொழிதான் காரணம்.

கீபோர்டை ஓடவிட்டுக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டால் போதாதா என்று பாடகர் குழுவில் சிலர் கேட்டார்கள். போதாது. மிடியில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி மாறாது. வலது கையை மட்டும் நிறுத்திவிட்டு இடது கையைக் கேட்டுப் பழகலாம். சுருதியை அரைப் படி இறக்கலாம். சார் எந்த இடத்தில் பெடலை விட்டார் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஓய்வுநாள் பாடசாலையில் வாசிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. அளவும் மிகச் சிறியது. நான்கு நிமிடப் பாட்டு மிடியில் சில பத்து கிலோபைட்டில் அடங்கிவிடும். அதே நான்கு நிமிடம் குறுந்தகட்டுத் தரத்து வேவ் கோப்பாக இருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் வீதம் 40 மெகாபைட்டைத் தாண்டும். 1.44 மெகாபைட் பிளாப்பியில் அப்படிப்பட்ட ஒலி எட்டு விநாடிதான் கொள்ளும். சார் ஒரே டிஸ்கில் ஒரு வழிபாட்டுக்கு வேண்டிய எல்லாப் பாட்டையும் வைத்திருந்தது மிடியால்தான் முடிந்தது.

இனி டிஸ்குகள். யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் ஒன்றை வாங்கினேன். ஆனால் டிஸ்கை எடுத்தவுடன் உள்ளே போடக் கூடாது. முதலில் உலோகத் தகட்டை விரலால் நகர்த்தி, பின்பக்கத்து வட்டைச் சுழற்றி, உள்ளே இருக்கும் பழுப்புப் படலத்தைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். எங்கள் டிஸ்குகளில் பலவற்றில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதை அப்படியே ஓடவிட்டால் பூஞ்சை டிரைவின் தலையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் நல்ல டிஸ்கையும் கீறிவிடும். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், வட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அழுத்தாமல் துடைக்க வேண்டும். இரண்டு பக்கமும் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகுதான் டிரைவில் போட வேண்டும். ஒவ்வொரு டிஸ்குக்கும் பிறகு டிரைவின் தலையையும் துடைத்தேன். மெதுவான வேலைதான். மழை பெய்யும் மாலைகளில் உட்கார்ந்து செய்யலாம்.

துடைத்த டிஸ்கிலிருந்து கோப்புகளை நேராக நகலெடுக்காமல், முழு டிஸ்கையும் ஒரே படிமமாக, அதாவது டிஸ்கை அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பாக, எடுத்துக்கொண்டேன். லினக்ஸில் இருக்கும் டிடிரெஸ்க்யூ என்ற நிரல் இதற்கென்றே பிறந்தது போல வேலை செய்கிறது. படிக்கக்கூடிய இடங்களை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வருகிறது. எதை எடுத்தது, எது பாக்கி என்று ஒரு குறிப்புக் கோப்பும் வைத்துக்கொள்கிறது. அதனால் ஒரு டிரைவில் படிக்காத இடங்களை இன்னொரு டிரைவில் போட்டுத் தொடரலாம். டிரைவுக்கு டிரைவ் தலையின் நிலை சற்று மாறும் என்பதால், ஒன்றில் முரண்டு பிடித்த டிஸ்க் இன்னொன்றில் எளிதாகப் படிந்ததைப் பார்த்தேன்.

உள்ளே இருந்த கோப்புகள் இரண்டு வகை. சில, பெயர் .mid என்று முடியும் பொது மிடி கோப்புகள். மற்றவை கீபோர்டு நிறுவனம் தனக்கென்று வைத்திருந்த வடிவம். இரண்டாவதை எந்தக் கணினி நிரலும் நேராகத் திறக்கவில்லை. அதற்கு வழி கீபோர்டிலேயே இருந்தது. பாட்டை அதில் ஏற்றி, பொது மிடி கோப்பாகச் சேமிக்கும் வசதியைப் பயன்படுத்தி, நல்ல டிஸ்க் ஒன்றில் எழுதி எடுத்தேன். கீபோர்டை முதலிலேயே கொடுத்துவிட்டிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். அந்த வசதி இல்லாத கீபோர்டு என்றால், பின்னால் இருக்கும் ஐந்து முனை மிடி வெளியீட்டிலிருந்து யு.எஸ்.பி. மிடி கம்பி வழியாகக் கணினிக்கு இணைத்து, பாட்டை ஓடவிட்டு அங்கே பதிந்துகொள்ளலாம். தாளப் பகுதியும் வெளியே வர வேண்டுமானால் கீபோர்டின் மிடி அமைப்பில் அதற்கான அனுப்புதலைத் திறந்துவைக்க வேண்டும்.

பியானோவுக்கு மாற்றும் கட்டத்தில் பலரும் சோர்ந்துபோவது, பென்டிரைவைச் செருகியும் பட்டியலில் ஒன்றுமே வராதபோது. காரணங்கள் எளியவை. புதிய 64 ஜி.பி. பென்டிரைவ்கள் எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைக்கப்பட்டு வருகின்றன. பல பியானோக்கள் ஃபேட்32 முறையை மட்டுமே படிக்கும். ஆகவே சிறிய பென்டிரைவாக எடுத்து ஃபேட்32-இல் வடிவமைத்துக்கொள்வது நல்லது. கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் பல பியானோக்களின் திரையில் எழுத்து வராது. ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் சுருக்கமாக வைக்க வேண்டும். நான் கீர்த்தனைப் புத்தகத்தின் பாட்டு எண்ணையே பெயராக வைத்தேன். தமிழுக்கு ஓர் எழுத்து, மலையாளத்துக்கு ஓர் எழுத்து முன்னால். ஞாயிற்றுக்கிழமை காலையில் போதகர் ஐயர் பாட்டு எண்ணைச் சொன்னதும் தேடி எடுக்க வேறு எந்தப் பெயரும் இவ்வளவு உதவாது. சில பியானோக்களில் பென்டிரைவ் செருக இடமே இருக்காது. கணினியிலிருந்து கம்பி வழியாக உள் நினைவகத்தில் ஏற்ற வேண்டும். அங்கே இடம் குறைவு என்பதால் அந்த வாரத்துப் பாட்டுகளை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

பெயர் வந்தும் பாட்டு ஓடவில்லை என்றால், மிடி கோப்பின் வகையைப் பார்க்க வேண்டும். வகை 0 என்றால் எல்லா வாசிப்பும் ஒரே தடத்தில். வகை 1 என்றால் ஒவ்வொரு பகுதியும் தனித்தனித் தடத்தில். கோப்பின் பத்தாவது பைட்டில் 0 அல்லது 1 என்று இது எழுதப்பட்டிருக்கும். சில பியானோக்கள் 0 வகையை மட்டும் ஏற்கும். இரண்டையும் ஏற்கும் என்று கையேடு சொன்னாலும், 0 வகையாக மாற்றிவிட்டால் கவலை இல்லை. பைத்தான் மொழியில் மிடோ என்ற நூலகம் இருக்கிறது. சில வரிகளில் ஒரு கோப்புறை முழுவதையும் மாற்றிவிடும். நிரல் எழுதத் தெரியாதவர்கள் செகைஜு போன்ற இலவச மிடி திருத்தியில் திறந்து, வகை 0 என்று தேர்ந்து சேமிக்கலாம்.

ஓடத் தொடங்கிய முதல் பாட்டில் அடித்தட்டுக் கட்டைகளிலிருந்து அம்மிக்கல்லை உருட்டுவது போல ஓர் இடி கேட்டது. சாரின் இசை மேலே தெளிவாக இருந்தது. இடி மட்டும் விடாமல் வந்துகொண்டே இருந்தது. மிடி செய்திகள் 16 சேனல்களில், அதாவது எண்ணிட்ட 16 தனி வழிகளில், போகும். தாளவாத்தியத்துக்கு 10-ஆம் சேனல் என்பது 1991-இல் வந்த ஜெனரல் மிடி ஏற்பாட்டில் உறுதியானது. தாளவாத்திய ஒலி இல்லாத எங்கள் பியானோ 10-ஆம் சேனலைச் சரியாக விட்டுவிட்டது. ஆனால் தானே தாளமும் துணைச்சுரமும் சேர்க்கும் அரேஞ்சர் கீபோர்டுகள் பலவற்றில் இரண்டாவது தாளப் பகுதி ஒன்று 9-ஆம் சேனலில் ஓடும். அதைப் பியானோ சாதாரண வாசிப்பாக எடுத்துக்கொண்டது. தாளப் பகுதியில் பேஸ் டிரம்முக்கு உரிய கட்டை எண் 36. அது பியானோவில் நடு சி கட்டைக்கு இரண்டு ஸ்தாயி கீழே இருக்கும் கட்டை. இடி அங்கிருந்துதான் வந்தது. 9, 10 இரண்டையும் நீக்கியதும் பாட்டு சுத்தமாகிவிட்டது. தாளம் வேண்டும் என்று நினைப்பவர்களிடம் என் கருத்து: ஆலயத்தில் தபேலா வாசிக்க ஆள் இருக்கும்போது இயந்திரத் தாளம் தேவையில்லை.

சேனலில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் பியானோ 1-ஆம் சேனலை வலது கையாகவும் 2-ஆம் சேனலை இடது கையாகவும் எடுத்துக்கொள்கிறது. சாரின் கோப்பில் 1-இல் வலது கை, 2-இல் அதனோடு சேர்த்து ஒலித்த வயலின் கூட்டொலி, 3-இல் இடது கை. ஆகவே இடது கையை நிறுத்தினால் வயலின் நின்றது. இடது கை ஓடிக்கொண்டே இருந்தது. 2-ஐ நீக்கி, 3-ஐ 2-க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. இரண்டு கையும் 1-ஆம் சேனலிலேயே கலந்திருந்த பாட்டுகளுக்கு வேலை அதிகம். நடு சி-க்குக் கீழே இருப்பதை எல்லாம் இடது கை என்று நிரலால் பிரித்துவிட்டு, இரண்டு கையும் நெருங்கி வரும் இடங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்தினேன். பாமாலைகளில் நான்கு குரலில் டெனர் (ஆண்களின் மேல் குரல்) எந்தக் கைக்குப் போகிறது என்பதை வாசித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஒலித்தேர்வு பற்றிச் சுருக்கமாக. ஜெனரல் மிடி பட்டியலில் 1 கிராண்டு பியானோ, 20 சர்ச் ஆர்கன். ஆனால் கோப்புக்குள் எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதால் சர்ச் ஆர்கன் 19 என்று எழுதப்பட்டிருக்கும். சில நிரல்கள் 0-இலிருந்து காட்டும், சில 1-இலிருந்து காட்டும். 1-இலிருந்து எண்ணும் நிரலில் 19 என்று கொடுத்தால் வருவது ராக் ஆர்கன். திருவிருந்து ஆராதனையில் அது ஒலிக்கக் கூடாது என்பதால் ஒவ்வொரு கோப்பையும் கேட்டுச் சரிபார்ப்பது அவசியம்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் பட்ட பகுதி. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்தே நம் கீர்த்தனைகள் கர்நாடக ராகங்களில் வருபவை. குரல் வளைவது போலக் கட்டை வளையாது. சார் அதற்குக் கீபோர்டின் இடப்பக்கத்தில் இருக்கும் சுருதிச் சக்கரத்தைப் பயன்படுத்துவார். வலது கை ஒரு கட்டையைப் பிடித்திருக்க, இடது கட்டைவிரல் சக்கரத்தை மெல்லத் தள்ளும். அந்த அசைவும் மிடியில் பதிவாகியிருந்தது. ஆனால் பியானோவில் சக்கரம் கிடையாது; எங்கள் பியானோ அந்தச் செய்தியைக் கண்டுகொள்வதும் இல்லை. கரகரப்பிரியா சாயலில் வரும் ஒரு கீர்த்தனையை ஓடவிட்டபோது ஏதோ ஒன்று அடியோடு போய்விட்டது போலத் தோன்றியது. கோப்பைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. சார் ரிஷபத்தின் கட்டையை அழுத்தி, சக்கரத்தால் அரைப் படி ஏற்றிக் காந்தாரத்தைத் தொட்டிருக்கிறார். பியானோ ரிஷபத்திலேயே நின்றுவிட்டது. பாட்டில் காந்தாரமே இல்லாமல் போயிருந்தது.

இதைத் திருத்த, சக்கரத்தின் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். சக்கரம் நடுவில் இருக்கும்போது எண் 8192. வழக்கமான அமைப்பில் முழுவதும் மேலே தள்ளினால் 16383. அது ஒரு முழுப் படி, அதாவது இரண்டு கட்டை ஏற்றம். 12288 வரை தள்ளினால் ஒரு கட்டை. வாசிப்பவர் இந்த வரம்பை மாற்றியிருக்கவும் கூடும். கட்டைகள் அல்லாத அமைப்புகளைச் சொல்லும் மிடி செய்திகளுக்குக் கட்டுப்பாட்டு எண்கள் என்று பெயர். அவற்றில் 101, 100 இரண்டும் 0 என்று வந்து, அடுத்து 6-ஆம் எண்ணில் ஒரு மதிப்பு இருந்தால், அந்த மதிப்புதான் வரம்பு. அதைப் பார்த்துவிட்டு, சக்கரம் அசைந்த ஒவ்வோர் இடத்திலும் அவர் எந்தச் சுரத்துக்குப் போனார் என்று கணக்கிட்டு, அந்தச் சுரத்தைத் தனிக் கட்டையாக எழுதினேன்.

எப்படி எழுதுவது என்பதைக் கணக்கால் முடிவு செய்ய முடியவில்லை. சக்கரத்தின் ஒவ்வோர் அசைவையும் ரி-க-ரி-க என்று எழுதினால் மேல்நாட்டுப் பியானோவின் நடுங்கும் சுரம் போலக் கேட்டது. சாரை அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தேன். ஒரு வரியைக் கேட்டுவிட்டுக் கையை உயர்த்தினார்.

“மக்களே, அந்த இடத்தில் ரிஷபத்தில் நிற்க வேண்டாம். தொட்டுவிட்டுப் போக வேண்டும்.”

“எத்தனை முறை தொட வேண்டும், சார்?”

“ஒரே முறை. பாடுகிறவர்கள் மீதியைப் பாடிக்கொள்வார்கள்.”

அப்படியே செய்தேன். ஓர் எண்ணிக்கையை, அதாவது தாளத்தின் ஒரு தட்டை, 480 துகளாகப் பிரித்துக் கணக்கு வைக்கும் கோப்பில் ரிஷபத்துக்கு 60 துகள், மீதி முழுவதும் காந்தாரத்துக்கு. ரிஷபத்தின் விசை 45 அளவில், காந்தாரத்தின் விசை 70 அளவில். ரிஷபத்தின் கட்டை விடுபடும் முன்பே காந்தாரம் தொடங்கும்படி இரண்டும் சற்று ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இடைவெளி விழுந்தால் தட்டித் தட்டி வாசிப்பது போல ஆகிவிடும். இது கமகம் அல்ல, அதன் சாயல்தான். ஆனாலும் சபை பாடத் தொடங்கியதும் அந்தச் சாயல் போதுமானதாக இருக்கிறது. பியானோ சுரத்தைக் காட்டுகிறது, குரல்கள் அதை வளைக்கின்றன.

வேகம் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும். தாளத்தோடு பதிந்த பாட்டுகளில் அட்சரங்கள் கோப்பின் தாளக் கோட்டில் சரியாக விழுந்திருந்தன. தனியாக வாசித்துப் பதிந்தவற்றில் அப்படி இல்லை. கோப்பின் வேகம் நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்று எழுதியிருக்கும். யாரும் மாற்றாவிட்டால் மிடி எடுத்துக்கொள்ளும் எண் அது. ஓர் எண்ணிக்கைக்கு 5,00,000 மைக்ரோவிநாடி. சார் 66-லோ 70-லோ வாசித்திருப்பார். கேட்பதற்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் பியானோவின் தாளமானியைத் தட்டவிட்டால் அது ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். ஐந்தாவது ஆவர்த்தனத்திலிருந்து எட்டாவது வரை திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பழகலாம் என்றால் பிரிப்பு வரியின் நடுவில் விழும்.

பலரும் இதற்குச் சொல்லும் வழி குவாண்டைஸ் செய்வது. எல்லாச் சுரங்களையும் இழுத்துக் கோட்டில் நிறுத்திவிடலாம். நான் அதைச் செய்யவே மாட்டேன். சார் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் சபை மூச்சு வாங்குவதற்காகச் சற்று நிதானிப்பார். பல்லவிக்குத் திரும்பும்போது ஒரு சிறு முந்துதல் இருக்கும். அதைக் கேட்டுத்தான் பின்வரிசையில் இருப்பவர்கள் சரியாக எடுப்பார்கள். கோட்டில் நிறுத்தினால் இந்த இரண்டும் அழிந்துவிடும். காப்பாற்ற வந்ததே அவற்றைத்தான். ஆகவே சுரங்களைத் தொடாமல் கோடுகளை நகர்த்தினேன். பாட்டை ஓடவிட்டு, தனித் தடத்தில் ஒரே கட்டையால் தாளத்தைத் தட்டிப் பதிந்தேன். பதிவு நிரல் அந்தத் தட்டல்களை எண்ணிக்கைகளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இடையில் வேகத்தை மாற்றி எழுதிக்கொள்ளும். கேட்பது பழையபடியே இருக்கும். ஆவர்த்தனக் கோடுகள் மட்டும் சரியான இடத்துக்கு வரும். ஆதி தாளத்துக்கு 4/4 இரண்டாக, ரூபகத்துக்கு 3/4, திஸ்ர நடைக்கு 6/8 என்று வைத்துக்கொண்டேன். விசை எண்களையும் சமப்படுத்தவில்லை. பழைய கீபோர்டின் கட்டை இலகு என்பதால் புதிய பியானோவில் ஒலி கொஞ்சம் உரத்துக் கேட்டது. எல்லா எண்களையும் ஒரே விகிதத்தில் குறைத்தேன், அவ்வளவே. உரத்ததும் மெல்லியதும் தங்களுக்குள் வைத்திருந்த உறவு மாறவில்லை.

விருத்தமாக வரும் தொடக்கங்களுக்குத் தாளமே கிடையாது. அவற்றில் கோடு போட முயல்வது வீண். பாட்டிலிருந்து வெட்டித் தனிக் கோப்பாக வைத்துவிட்டேன். முதலில் அதை ஓடவிட்டு, முடிந்ததும் பாட்டுக் கோப்பைத் தொடங்கலாம்.

பாட்டை நடுவில் நிறுத்தினாலோ, கோப்பு பெடல் மிதித்த நிலையிலேயே முடிந்திருந்தாலோ, சில பியானோக்களில் அந்த மிதி அடுத்த பாட்டுக்கும் தொடரும். எல்லாச் சுரமும் குழம்பி ஒலிக்கும். ஒவ்வொரு கோப்பின் இறுதியிலும் பெடலுக்குரிய 64-ஆம் கட்டுப்பாட்டு எண்ணில் 0, அடுத்து எல்லாச் சுரத்தையும் நிறுத்தும் 123-ஆம் எண் என இரண்டு செய்திகளைச் சேர்த்துவைத்தேன். நடுவில் நிறுத்தும்போது வரும் குழப்பத்துக்கு, வலது பெடலை ஒருமுறை மிதித்து விட்டால் போதும்.

சுருதி மாற்றத்தில் ஒரு எச்சரிக்கை. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் பாறசாலைப் பக்கத்திலிருந்து உறவினர்கள் பலர் வருவார்கள். ஆண்குரல்கள் அதிகம் என்பதால் பாட்டை ஒரு கட்டையோ இரண்டு கட்டையோ இறக்க வேண்டியிருக்கும். பல பியானோக்களில் ஓடும் பாட்டுக்கு ஒரு சுருதி மாற்றம், நம் கை வாசிக்கும் கட்டைகளுக்கு இன்னொரு சுருதி மாற்றம், இரண்டுக்கும் சேர்த்துப் பொதுவாக ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். பாட்டை மட்டும் இறக்கிவிட்டு, அதனோடு சேர்ந்து கையால் வாசித்தால் சபை முழுவதும் தடுமாறும். பொது மாற்றத்தை மட்டும் பயன்படுத்துவது, ஆராதனை முடிந்ததும் அதை 0-க்குக் கொண்டுவருவது என்ற பழக்கத்தை வாசிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆடியோவுக்கும் இடம் உண்டு. டிசம்பரில் கரோல் குழு வீடு வீடாகப் போகும்போது பியானோ கூடப் போக முடியாது. ஜீப்பில் ஒலிபெருக்கி மட்டும்தான். அதற்காக, திருத்தி முடித்த மிடியைப் பியானோவில் ஓடவிட்டு, பியானோவிலேயே வேவ் கோப்பாகப் பதிந்து எடுத்தேன். அறைச் சத்தம் கலக்காது, மின்விசிறி ஒலி விழாது. திரும்பப் பியானோவில் ஏற்றுபவர்களுக்கு ஒரு குறிப்பு: பல பியானோக்கள் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பை மட்டுமே வாசிக்கும். காணொளியிலிருந்து பிரித்தெடுத்த ஒலி பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸாக இருக்கும். பட்டியலில் பெயர் வரும், ஓடாது. ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் நிரலில் திறந்து 44.1-க்கு மாற்றிச் சேமித்தால் ஓடும்.

கணினியைக் கம்பியால் இணைத்து நேராக ஓடவிட விரும்புகிறவர்கள், பியானோவின் பின்னால் இருக்கும் சதுர யு.எஸ்.பி. துளையைப் பயன்படுத்த வேண்டும். தட்டையான துளை பென்டிரைவுக்கு மட்டும். இணைத்துவிட்டுக் கையால் வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் இரட்டையாக, குழாய்க்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால், செய்தி கணினிக்குப் போய்த் திரும்பி வருகிறது என்று பொருள். நிரலில் திருப்பி அனுப்புவதை நிறுத்த வேண்டும், அல்லது பியானோவில் லோக்கல் கன்ட்ரோலை (கட்டை நேராகப் பியானோவின் ஒலியை எழுப்பும் அமைப்பை) அணைக்க வேண்டும். அணைத்தால், வேலை முடிந்ததும் மீண்டும் திறக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் கட்டையை அழுத்தினால் ஒலி வராது, பியானோ பழுதாகிவிட்டது என்று அடுத்தவர் பயந்துவிடுவார். புளூடூத்திலும் இரண்டு வகை உண்டு. ஆடியோ புளூடூத் மட்டும் உள்ள பியானோவில் கைப்பேசிப் பாட்டைக் கேட்கலாம். மிடியை அனுப்ப முடியாது.

மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் சொல்லாமல் போகும். பென்டிரைவில் எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் அந்தக் கோப்பு மட்டுமல்ல, முழுப் பென்டிரைவும் கெட வாய்ப்பு உண்டு. பதிவு செய்யும் நாட்களில் பியானோவை யு.பி.எஸ்.ஸில் இணைத்துவிடுகிறேன். சில பியானோக்கள், சேமிக்காத பதிவை அணைத்தவுடன் மறந்துவிடும். வாசித்து முடித்ததும் கட்டையிலிருந்து கையை எடுத்தவுடன் முதல் வேலை சேமிப்பதாக இருக்க வேண்டும். கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கின்றன: ஆலயத்துப் பென்டிரைவில், என் கணினியில், சாரின் மகள் வீட்டில். திருத்தாத மூலப் படிமங்களையும் அப்படியே வைத்திருக்கிறேன். என் திருத்தம் எதுவும் சரியில்லை என்று பின்னால் வாசிக்கும் ஒருவர் நினைத்தால், சாரின் சக்கர அசைவு முழுவதும் அங்கே இருக்கும்.

மலையாளப் பாட்டுகள் இன்னும் பாதிக்கு மேல் திருத்தப்படாமல் இருக்கின்றன. அவற்றில் சார் சக்கரத்தை வேறு விதமாகக் கையாண்டிருக்கிறார். கீழ்நோக்கி இழுப்பது அதிகம். 8192-க்குக் கீழே போகும் எண்களை எல்லாம் பட்டியலிட்டு வைத்திருக்கிறேன். வரும் லெந்து நாட்களுக்குள் (தவக்காலத்துக்குள்) அவற்றை முடிக்க வேண்டும். சார் சனிக்கிழமை மாலைகளில் ஆலயத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.